பால்சுறாக் கடன்

அக்கானி காய்ச்சுகிற நேரத்தில் யார் வந்தாலும் தேவகனி திரும்பிப் பார்க்கமாட்டாள். ஈத்தவிளையில் அவளுக்குத் திமிர்க்காரி என்று பேர் விழுந்ததற்கு அது ஒன்றுதான் காரணம். பேர் வைத்தவர்கள் ஒரு நாள் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். முப்பது பனையிலிருந்து புருஷன் இறக்கிக் கொடுக்கும் பதநீர், இந்தப் பக்கத்துப் பேச்சில் அக்கானி, பானையில் கொதித்து, நுரைத்து, அடங்கி, பாகாகத் திரள்கிற பதம் ஒன்று உண்டு. கொஞ்சம் முந்தி இறக்கினால் சிரட்டையில் ஊற்றிய கருப்புக்கட்டி உறையாமல் கூழாகக் கிடக்கும். கொஞ்சம் பிந்தினால் கரிந்துபோகும். மனுஷருக்கு உபசாரம் பிறகும் சொல்லலாம், பாகு காத்திருக்காது என்பது அவள் கட்சி.

கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு, வைகாசி மாதத்து ஒரு சனிக்கிழமை. மழை இன்னும் பிடிக்கவில்லை. மேற்கே கடல் பக்கம் மட்டும் கருத்துக்கொண்டு கிடந்தது. வெயிலும் புகையும் சேர்ந்து தேவகனியின் கண்கள் சிவந்திருந்தன. மகள் செல்லபாய் சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். வருகிற ஆடியில் அவளுக்கு ஒன்பது வயது முடிகிறது. முற்றத்து ஓரத்தில் ஒருவன் வந்து நின்றதை முதலில் கண்டவள் அவள்தான்.

"அம்மா, ஆரோ வந்திருக்காவ."

"இரிக்கச் சொல்லு."

வந்தவன் இருக்கவில்லை. இருபத்துமூன்று இருபத்துநாலு வயதிருக்கும். கடல் வெயிலில் வெந்த உடம்பு. தோளில் ஒரு துண்டு. "ரசலையன் வீடு இதுதானா?" என்று கேட்டான்.

"இதுதான். அவிய பனையில நிக்காவ. செத்த இருங்க," என்றாள் தேவகனி, அகப்பையை விடாமல்.

"நான் இனயத்துல இருந்து வருகேன். கிளாராக்க மகன். சூசை."

அகப்பை நின்றது. பாகு திரளும் நேரத்தில் தேவகனி திரும்பிப் பார்த்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. "மீன் கொண்டுவருமே, அந்தக் கிளாரக்காவா? நீ அவியளுக்க மகனா? உன்னை நான் சின்னதுல கண்டிருக்கேன் மக்கா. அக்கா சொகமா இருக்காவளா? இரு, மரச்சீனிக்கிழங்கு அவிச்சது இருக்கு."

"இரிக்க நேரமில்ல," என்றான் சூசை. நாலு மைலும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை நிலத்தைப் பார்த்தபடி ஒரே மூச்சில் ஒப்பித்தான். "நீங்க எனக்கத் தள்ளைக்கு ஏழு ரூவா தரணும். பால்சுறா வாங்கின வகையில. நாப்பத்தொம்பது நாளு, நாளொண்ணுக்கு ஒரு பணம். வாங்கிட்டு வரச் சொன்னா."

அன்று நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தால் ஒரு ஆளுக்கு ஒரு பணம் கிடைக்கும். ஏழு ரூபாய் என்றால் அந்த மாதிரி நாற்பத்தொன்பது நாள்.

ரசலையன் பக்கத்துப் பனையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவன் கடைசி வார்த்தைகளைக் கேட்டுவிட்டான். இடுப்பில் அருவாப்பெட்டியும் தோளில் கலயமுமாக வந்து நின்றான். நல்ல மனுஷன்தான். ஆனால் பனையிலிருந்து இறங்கின உடனே அவனிடம் காசு பேச்சு எடுக்கக் கூடாது. விடியலிலிருந்து முப்பது மரம் ஏறி இறங்கின நெஞ்சு தோலுரிந்து எரிந்துகொண்டிருக்கும்.

"எந்த வருசத்துக் கடன்லே?" என்றான்.

"தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல உள்ளது."

"அந்த வெள்ளத்துல நாடு முழுக்க ஒலிச்சுப் போச்சு. உனக்கத் தள்ளைக்கக் கணக்கு மட்டும் ஒலிச்சுப் போகல்லியோ?"

"உங்க அடுக்களைச் சுவருல கோடு போட்டிருந்தாளாம். நாளொண்ணுக்கு ஒண்ணு."

"வா, எண்ணு," என்று ரசலையன் அவனை அடுக்களையின் புறச்சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனான். வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு அடித்த சுவர். ஒரு கரிக்கோடு கிடையாது. "எண்ணுலே. நாப்பத்தொம்பதும் இருக்கா பாரு."

சூசை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் கறுத்துவிட்டது. "கோடு இல்லாததுக்கு நான் என்ன செய்ய? எனக்கத் தள்ளை கள்ளம் சொல்ல மாட்டா. ஒம்பது வருசமா கேக்காதவ இப்பம் கேக்கான்னா அவளுக்க நெலைமை அப்பிடி. எனக்கக் கட்டுமரம் பாறையில அடிச்சுப் பொளந்து போச்சு அண்ணாச்சி. புதுசுக்கு முப்பது ரூவா கேக்கான். இருவத்திமூணு தேத்தியாச்சு. இந்த ஏழு கிட்டினா நான் இங்க நிப்பேன். இல்லேன்னா கொழும்புக்கு ஆளெடுக்கக் கங்காணி வந்திருக்கான், திங்களாச்ச வெளுக்கும்முன்ன அவன்கூடத் தூத்துக்குடிக்குப் போகணும். எனக்க மூத்தவன் டைட்டஸ் அப்பிடிப் போனவன்தான். ஆறு வருசமாச்சு, ஒரு காயிதம் இல்ல. நானும் போனா அவ ஒத்தைக்காவா."

"அதுக்கு ஏமாளி நான்தானா கிட்டினேன்?" என்றான் ரசலையன். சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, "கொஞ்சம் அக்கானி குடிச்சிட்டுப் போ," என்றான்.

"வேண்டாம்," என்று சூசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தான்.

அப்போதுதான் கரிந்த மணம் எழுந்தது. பானையில் பாகு கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. தேவகனி அதை இறக்கிக்கூட வைக்கவில்லை. செல்லபாய்தான் ஓடிப்போய் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள்.

"ஒரு நாளைக்கு உள்ளது போச்சே, ஏட்டி," என்றான் ரசலையன்.

"போகட்டு. கோடு இருந்துது," என்றாள் தேவகனி. "நான்தான் அழிச்சேன்."

ஒன்பது வருஷம் முந்தி, ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தின்போது நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் பேறு தாய்வீட்டில், செலவும் தாய்வீட்டுடையது என்பது இந்தப் பக்கத்து முறை. தேவகனியும் ஆடி பிறந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தது. அண்ணன் ஞானதாசன் வீடு ஆற்றுக்கு அக்கரை. ஆடி பிறப்பதற்குள் மழை பிறந்துவிட்டது. ஆறு கரை தெரியாமல் பெருகி, தோணி நின்றுபோய், அக்கரையில் யார் இருக்கிறார்கள் யார் போனார்கள் என்றே தெரியாத நாட்கள். தேவகனிக்கு இந்த வீட்டிலேயே நோவு கண்டது. மாமியார் கிடையாது. அடுத்த விளையிலிருந்து ஒரு கிழவி வந்து பிள்ளையை எடுத்துப்போட்டுவிட்டுத் தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று போய்விட்டாள்.

மூன்றாம் நாளாகியும் பால் இறங்கவில்லை. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்தால் பிள்ளை கக்கிவிட்டது. அழுகை நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. ரசலையன் ஜெபம் பண்ணினான், அடுப்பு ஊதினான், ஒன்றும் தெரியாமல் முற்றத்தில் போய் மழையில் நின்றான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்த மழையில் தலையில் பனையோலைப் பெட்டியும் பெட்டிக்கு மேல் ஒரு கமுகுப்பாளையுமாக வந்தவள் கிளாரா. வாரம் ஒரு முறை மீன் கொண்டுவந்து கருப்புக்கட்டிக்கு மாற்றிப் போகிறவள். அதற்கு மேல் பழக்கமில்லை. அழுகையைக் கேட்டு உள்ளே வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், தேவகனியின் மார்பைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மறுநாள் பால்சுறா கொண்டுவந்தாள். அவளே அவித்துத் தோலுரித்து உதிர்த்து, பூண்டும் சின்ன உள்ளியும் நிறையப் போட்டுப் புட்டாக்கி, தேவகனி தின்று முடிக்கும்வரை எதிரிலேயே குந்தியிருந்தாள். ஏழாம் நாள் பால் இறங்கிற்று. கிளாரா அதற்குப் பிறகும் விடவில்லை. கடல் கொந்தளிக்கிற மாதம். அவள் புருஷன் யோவான் எப்படித்தான் போய்ப் பிடித்தானோ தெரியாது. மீன் இல்லாத நாளில் சுறாக் கருவாடு வந்தது. நாற்பத்தொன்பது நாள் நாலு மைல் வந்து நாலு மைல் போனாள். போகும்போது அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அடுக்களைச் சுவரில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவாள். கையில் காசில்லாத வீடென்று அவளுக்குத் தெரியும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

சுவர்க்கோட்டுக்கு ஒரு முறை உண்டு. காசு கொடுத்தவர்கள் அதை அழிக்கக் கூடாது. கோடு போட்டவள் வந்து வாங்கிக்கொண்டு, தன் கையை நனைத்துத் தானே அழிக்க வேண்டும். அது தெரிந்தும் தேவகனி அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது நாற்பத்தொன்பது கோட்டின் மேலும் மட்டையை இழுத்துவிட்டாள். முதல் பிள்ளையோடு முதல் கிறிஸ்துமஸ். கரி பிடித்த சுவரோடு பண்டிகை கொண்டாட மனம் வரவில்லை. கடன்தான் தீர்ந்துவிட்டதே, அழித்தால் என்ன என்று நினைத்தாள்.

"தீந்துதுன்னு உனக்கு ஆரு சொன்னா?" என்றான் ரசலையன்.

"ஆரும் சொல்லல்ல. அண்ணன் குடுத்திருப்பான்னு நெனச்சேன். பேத்துச்செலவு எங்க வீட்டுக்க செலவில்லியா? வெள்ளம் வத்தி அண்ணன் பிள்ளை பாக்க வந்தான், பைநிறைய சாதனம் கொண்டுவந்தான். மீனுக்கும் குடுத்திருப்பான்னு இருந்தேன். நீங்க குடுக்கல்லியா?"

"நான் எதுக்குக் குடுக்கேன்? உனக்க அண்ணன் குடுத்திருப்பான்னு நானும் இருந்தேன்."

"என்னிட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கலாம் இல்லியா?"

"உனக்க வீட்டுச் செலவு தீந்துதா தீரல்லியான்னு நான் கேட்டா, அது குத்திக் காட்டுனதா ஆகாதா?"

இருவரும் கரிந்த பானையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மேலே, அடுப்புப் புகை படுகிற பரணில், இந்தப் பருவத்துக் கருப்புக்கட்டி ஓலைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தது. ஆடியோடு பனைவேலை முடியும். கார்த்திகையில் கருப்புக்கட்டிக்கு விலை ஏறும்போது விற்றுத்தான் மரங்களுக்குக் குத்தகைப் பாட்டம் அடைக்க வேண்டும். பாட்டம் தவறினால் அடுத்த வருஷம் முப்பது மரமும் வேறு ஆளுக்குப் போகும். இப்போது இறக்கினால் பாதி விலைகூடத் தேறாது. இதையெல்லாம் ரசலையன் வாயால் சொல்லவில்லை. பரணை நிமிர்ந்து ஒரு முறை பார்த்தான், அவ்வளவுதான்.

"அந்தப் பையன் திங்களாச்ச போகானாம்," என்றாள் தேவகனி.

"கேட்டேன்."

"எனக்கப் பிள்ளைய எனக்குத் தந்தவளாக்கும் அவ. அவளுக்கப் பிள்ள நம்மளாலயா போகணும்?"

ரசலையன் எழுந்து போய் ஏணியை எடுத்துவந்து பரணில் சாத்தினான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். அவனைப் போன்றவர்கள் மன்னிப்புக் கேட்கமாட்டார்கள், ஏணி எடுப்பார்கள்.

பக்கத்து விளை ஜான்ரோஸிடம் ஒற்றைமாட்டு வண்டி இருந்தது. அவனுக்குக் கால் பிசகி ஒரு வாரமாகப் பத்துப் பனை சீவாமல் கிடந்தது. வண்டியைக் கொடுத்தால் ஆடி முடியும்வரை அந்தப் பத்தையும் தானே ஏறிச் சீவி, அக்கானியில் சரிபாதி கொடுத்துவிடுவதாக ரசலையன் பேசினான். ஜான்ரோஸ், "நாப்பது பனை ஏறினா உனக்க நெஞ்சாங்கூடு கழண்டு விழும்," என்று சொன்னான். சொல்லிக்கொண்டே மாட்டை அவிழ்த்தும் கொடுத்தான். மத்தியான வெயிலில் வண்டி கருங்கல் சந்தைக்குக் கிளம்பிற்று.

சந்தையில் கருப்புக்கட்டி வியாபாரி பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "முதல்தரம் சரக்கு. வைகாசியில இதைக் கொண்டுவந்து தட்டுகியே, பைத்தியமா உனக்கு?"

"அவசரம்," என்றான் ரசலையன்.

"கலியாணமா?"

"மீன் வாங்கின காசு."

வியாபாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பதினைந்து ரூபாய்க்குப் போக வேண்டிய சரக்கு ஏழு ரூபாய்க்குப் போயிற்று. பரணில் இருந்ததில் முக்கால் பங்கு அது.

தேவகனி சந்தைக்கு வந்தது விலை பேச அல்ல. சனிக்கிழமை தோறும் ஞானதாசன் வெற்றிலைக்கட்டோடு அங்கே இருப்பான். அவனை வெற்றிலை வரிசையில் கண்டுபிடித்து நேராகக் கேட்டாள்.

"அண்ணே, செல்லபாயைப் பெத்த சமயத்துல பால்சுறாக்கு உள்ள காசு நீ குடுத்தியா?"

ஞானதாசன் திகைத்துப்போனான். "நான் எப்பிடிக் குடுப்பேன்? பேறு எங்க வீட்டுல நடந்திருந்தா ஒரு சக்கரம் பாக்கியில்லாம நான் குடுத்திருப்பேன். நடந்தது மச்சானுக்க வீட்டுல. அந்த வீட்டு அடுக்களைக்கு வந்த மீனுக்கு நான் போய் காசு எடுத்து நீட்டினா, உமக்குத் திராணியில்லேன்னு மச்சானுக்க மூஞ்சிலயே சொன்னதா ஆகாதா? அவரு குடுத்திருப்பாருன்னு நான் இருந்தேன். ஏன், குடுக்கல்லியா?"

"ஆரும் குடுக்கல்ல," என்றாள் தேவகனி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டு வீட்டாருக்கும் பரஸ்பரம் அத்தனை மரியாதை. அந்த மரியாதைக்கு ஒன்பது வருஷமாக வட்டி கட்டியவள் இனயத்துக்காரி.

ஞானதாசன் மடியை அவிழ்த்து இரண்டு ரூபாய் எடுத்து நீட்டினான். தேவகனி வாங்கவில்லை. "இது நாங்க குடுக்கது. நீ பாட்டத்துக்கு வேணும்னா பெறவு கைமாத்து தா," என்றாள்.

மறுநாள் ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போதுதான் ரசலையன் அதை மெல்ல வெளியே எடுத்தான். "இன்னைக்கு ஓய்வுநாளாக்கும்."

அவர்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை காசு தொடமாட்டார்கள். கடைக்குப் போகமாட்டார்கள், கொடுக்கல் வாங்கல் கிடையாது. உபதேசியார் காதுக்குப் போனால் அடுத்த வாரம் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் அடி விழும். ரசலையனுக்கு அடியைப் பற்றிப் பயமில்லை. உண்மையாகவே அவனுக்கு அது மனதை உறுத்திற்று.

"நாளைக்கு விடியும்முன்ன போனா போராதா?"

"விடியும்முன்ன அந்தப் பையனும் போவான். நாம வழியில அவனுக்க முதுகைத்தான் காணலாம்," என்றாள் தேவகனி. "நான் ஒண்ணு கேக்கட்டா? அந்த நாப்பத்தொம்பது நாளுல ஏழு ஞாயிறு வந்துது. ஏழு ஞாயிறும் அவிய மீன் கொண்டுவந்தாவ. இன்னைக்கு ஓய்வுநாளு, பிள்ளைக்குப் பாலு வேண்டாம்னு நீங்க சொன்னியளா?"

ரசலையன் கஞ்சிச் சட்டியை வாயில் வைத்துக் கடைசிவரை குடித்தான். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு ஆராதனைக்குப் போட்டுப்போன வெள்ளை வேட்டியைத் திரும்பவும் எடுத்துக் கட்டிக்கொண்டான்.

மூன்று பேரும் நடந்தார்கள். ரசலையன் மடியில் ஏழு ரூபாய். செல்லபாய் தலையில் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சிய கருப்புக்கட்டி ஒரு சின்ன ஓலைப்பெட்டி. தென்னந்தோப்புகள் வழியாக இறங்கிப் போகப் போக மண் சிவப்பு மாறி வெளுத்தது, காற்றில் உப்பு ஏறிற்று. தேவகனி வழியெல்லாம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"ஜெபமா?" என்றான் ரசலையன்.

"இல்ல. அவியள்ட்ட என்ன சொல்லணும்னு பாக்கேன். ஒண்ணும் சரியா வரமாட்டேங்கு. உங்களுக்கு நான் கடமைப்பட்டவள்னு சொன்னா போருமா? பிள்ளைய தந்ததுக்கு அது போராது. கேட்டு விட்டியளே, அது பெரிய உபகாரம்னும் சொல்லணும். அவிய கேக்காம இருந்திருந்தா நாம இப்பிடியே தெரியாமலே செத்துப் போயிருப்போம்."

"அங்க போய் நின்னா தானா வரும்."

"உங்களுக்கு நேத்து தானா வந்ததைக் கேட்டேன்," என்றாள் தேவகனி. ரசலையன் நடையை எட்டிப் போட்டான்.

கடலோரத்தில் கட்டுமரங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமையானதால் யாரும் போகவில்லை. கோயிலை ஒட்டிய ஓலைக்குடில்களில் ஒன்றின் முன்னால் கிளாரா கால் நீட்டி உட்கார்ந்து, முந்தின நாள் சாளை மீனில் மிஞ்சியதைப் பாயில் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலை முழுக்க நரைத்துவிட்டது. வாசலில் ஒரு துணிமூட்டை கட்டி வைத்திருந்தது. சூசை இவர்களைக் கண்டதும் குடிலுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டான்.

"ஆரு?" என்றாள் கிளாரா கண்ணுக்கு மேல் கை வைத்து.

"ஈத்தவிளை தேவகனியாக்கும் அக்கா."

கிளாரா அவளைப் பார்க்கவில்லை; செல்லபாயைப் பார்த்தாள். "இதுதானா அது?"

"இதுதான்."

"இஞ்ச வா மோளே." உப்பு ஒட்டிய கையால் செல்லபாயின் முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள், பல்லைக் காட்டச் சொன்னாள். மீனின் செவுளைத் திறந்து பார்க்கிறவளின் கவனம் அதில் இருந்தது. "எத்தன வருசம் பாலு குடிச்சா?"

"மூணு."

"பின்ன. எலும்பைத் தொட்டா தெரியும்."

ரசலையன் குனிந்து, மடியிலிருந்த காசை எடுத்து இரண்டு கையாலும் அவள் முன்னால் நீட்டினான். "அக்கா, கோடு இல்லேன்னு நேத்து உங்க மகன்ட்ட சொன்னேன். கோடு உண்டாயிருந்துது. நாங்கதான் அழிச்சுப்போட்டோம். இவளுக்க அண்ணன் குடுத்தான்னு நானும், நான் குடுத்தேன்னு அவனும் நெனச்சு இருந்துட்டோம். பெரிய தெத்தாக்கும்."

கிளாரா காசை வாங்கினாள். பாயில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாளோ, பிள்ளைக்கென்று ஒரு ரூபாயைச் செல்லபாய் கையில் திணித்துவிடுவாளோ என்று தேவகனி பயந்தாள். அப்படிச் செய்தால் பிறகு இந்த முகத்தை எப்படி நிமிர்ந்து பார்ப்பது? கிளாரா அப்படி ஒன்றும் செய்யவில்லை. ஏழையும் எண்ணி, இன்னொரு தடவையும் எண்ணி, சேலைத் தலைப்பில் இறுக்கி முடிந்துகொண்டாள். "சரியா இருக்கு," என்றாள். தேவகனிக்கு அந்த ஒரு வார்த்தையில் மனம் குளிர்ந்துபோயிற்று. அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஏன் அக்கா இத்தன நாளு கேக்கல்ல?"

"தை மாசம் கேக்கத்தான் வந்தேன். சுவரு வெளுத்துக்கிட்டு நிக்கு. உள்ள நீ பிள்ளைக்குப் பாலு குடுத்துக்கிட்டிருந்த, பாட்டுச் சத்தம் கேட்டுது. பாலு குடிக்க பிள்ளை உள்ள வீட்டுல பால்மீனுக்கக் காசைக் கேக்கப்பிடாது மக்கா. கேட்டா பாலு வத்தும்னு எங்களுக்குள்ள உண்டு. பெட்டிய எறக்காம அப்பிடியே திரும்பிட்டேன். பிள்ளை பாலு மறந்தப்பெறவு கேப்போம்னு இருந்தேன். அடுத்த மாசம் சூசைக்க அப்பன் கடலுல போனாரு. வரல்ல. அதுக்கப்பெறவு நான் குளச்சல் பக்கமா விக்கப் போனேன். மூணு வருசம் கழிஞ்சப்பெறவு கேக்க வெக்கமாயிருந்துது."

"எங்களைத் திட்டியிருப்பிய."

"திட்டாம? நல்லாத் திட்டினேன்," என்றாள் கிளாரா. "சுண்ணாம்பு அடிச்சவளுக்கக் கை புழுக்கணும்னுகூடச் சொன்னேன். இந்தா இதைச் சொல்லல்ல." செல்லபாயின் தலையில் கைவைத்துக் காட்டினாள். தேவகனி சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. கிளாராவும் சிரித்தாள். ரசலையனுக்கு இரண்டு பேரையும் பார்க்க ஒன்றும் புரியாமல், தானும் கொஞ்சம் சிரித்து வைத்தான்.

கிளாரா குடிலுக்குப் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏலே சூசை. ஒளிஞ்சு நிக்காண்டாம், இவிய கடிக்க மாட்டாவ. போய்க் கங்காணிட்டச் சொல்லு, நான் வரல்லன்னு. சொல்லிட்டு நேரா மரக்காரன்கிட்டப் போ. முப்பதும் தேறியாச்சுன்னு சொல்லு."

சூசை வந்தான். ரசலையனைப் பார்த்தான். ரசலையன், "நேத்து அக்கானி குடிக்காம போன. மழை பிடிக்கும்முன்ன ஒரு நாளு வந்து குடி," என்றான். சூசை தலையாட்டினான். வாசலில் கிடந்த மூட்டையை எடுத்து உள்ளே எறிந்துவிட்டு, கடற்கரையோடு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் நடை ஓட்டமாயிற்று. கிளாரா அவன் மறையும்வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லபாய் பெட்டியை அவள் மடியில் வைத்தாள். கிளாரா ஒரு கருப்புக்கட்டியை உடைத்து முதல் துண்டைச் செல்லபாய்க்குக் கொடுத்துவிட்டு, மற்றதை வாயில் போட்டுக்கொண்டாள். நெடுநேரம் சுவைத்தாள்.

தேவகனி இதுதான் சமயமென்று பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். "அக்கா, நான் உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"இரி. முதல்ல நான் சொல்லுகேன்," என்றாள் கிளாரா. "இந்த முப்பது ரூவாய்க்காக ஒரு மாசமா நான் நடக்காத வாசல் இல்ல. சொந்தத்துல கேட்டேன், வலைக்காரன்ட்டக் கேட்டேன், கோயில்ல கேட்டேன். எல்லா எடத்துலயும் கையேந்தித்தான் நின்னேன். கெடைச்சுது, இல்லேன்னு சொல்லல்ல. ஆனா ராத்திரி படுத்தா எனக்கு எனக்க மேலேயே அருவருப்பா இருக்கும். அப்பந்தான் உனக்க வீடு ஓர்மைக்கு வந்துது. பிச்சை கேக்காம, எனக்கக் காசைத் தாருங்கோன்னு நிமிந்து நின்னு கேக்கதுக்கு எனக்கு உலகத்துல ஒரு வீடு இருந்துதே மக்கா. நீயும் இல்லேங்காம கொண்டுவந்தியே. நான் உனக்கு ரொம்பக் கடமைப்பட்டவளாக்கும்."

நாலு மைலும் தேவகனி வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை அது. கிளாரா முந்திக்கொண்டுவிட்டாள்.